பெயர் பொறிக்காத கார்பன் ஃபிரேம்: வாசகர் கேள்வி – பதில்

எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லாத கார்பன் ஃபிரேமை வெளிநாட்டு ஆலையிடமிருந்தோ அதன் முகவரிடமிருந்தோ நேரடியாக வரவழைத்து, அதில் சாலை சைக்கிள் கட்டிக்கொள்வதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை முழுப் பகுதியும் ஒதுக்கப்பட்டுள்ளது. பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: பெரிய நிறுவனங்களின் ஃபிரேம்கள் உருவாகும் அதே ஆலையில்தான் பெயரில்லாத ஃபிரேம்களும் உருவாகின்றன, ஒட்டப்படும் பெயர் மட்டுமே வேறு என்கிறார்கள். இது உண்மையா, ஐயா? – ஒரு கல்லூரி மாணவர்

பதில்: பாதி உண்மை. உலகின் கார்பன் ஃபிரேம்களில் மிகப் பெரும்பகுதி தைவானிலும் சீனாவிலும் உள்ள ஆலைகளில்தான் உருவாகிறது என்பதும், ஐரோப்பிய, அமெரிக்கப் பெயர்களைத் தாங்கிய பல ஃபிரேம்களும் அவற்றில் அடங்கும் என்பதும் சரிதான். ஆனால் ஒரு நிறுவனம் தன் பொறியாளர்களைக் கொண்டு வடிவமைத்து, தன் செலவில் செய்து கொடுத்த அச்சில் (மோல்ட்) ஆலை வேறொருவருக்கு ஃபிரேம் வார்த்துத் தர முடியாது. ஒப்பந்தம் அதற்கு இடம் தராது. உங்களுக்கு விற்கப்படுவது பெரும்பாலும் ஆலையே தன் செலவில் வடிவமைத்து, கேட்பவர் எவருக்கும் வார்த்துத் தரும் 'ஓப்பன் மோல்ட்' ஃபிரேம். அதே ஃபிரேமைச் சில நூறு எண்ணிக்கையில் வாங்கி, தம் பெயரை அச்சிட்டு விற்கும் சிறு நிறுவனங்களும் உண்டு. அப்படிப்பட்ட நிறுவனத்தோடு ஒப்பிட்டால், 'பெயர் மட்டுமே வேறு' என்ற உங்கள் நண்பர்களின் பேச்சு பல நேரம் முழு உண்மையாகவே இருக்கும்.

இங்கே அச்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கார்பன் ஃபிரேம் உலோகத்தைப் போல உருக்கி ஊற்றப்படுவதில்லை. பிசின் ஊட்டிய கார்பன் இழைத் தாள்களைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, எந்த இடத்தில் எத்தனை அடுக்கு, ஒவ்வோர் அடுக்கின் இழையும் எந்தக் கோணத்தில் என்ற திட்டத்தின்படி, நூற்றுக்கணக்கான துண்டுகளைத் தொழிலாளர்கள் கையால் அடுக்குகிறார்கள். பிறகு அதை அச்சுக்குள் மூடி, உள்ளே ஒரு பையை ஊதி அழுத்தம் கொடுத்து, சூடேற்றிப் பிசினை இறுகச் செய்கிறார்கள். ஆகவே அச்சு தீர்மானிப்பது வெளி வடிவத்தை மட்டுமே. ஒரே அச்சிலிருந்து வந்த இரண்டு ஃபிரேம்கள், ஒன்றில் அடுக்குகள் சீராகவும் மற்றொன்றில் மடிப்பும் காற்றுக்குமிழுமாகவும் இருந்தால், பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகளைப் போலவும் பலத்தில் அந்நியர்களாகவும் இருக்கும்.

பெயர் பெற்ற நிறுவனத்துக்கு நாம் கொடுக்கும் கூடுதல் பணத்தில் விளம்பரத்துக்குப் போவது கணிசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒரு பங்கு, ஆலையிலிருந்து வந்த ஃபிரேமைச் சோதித்து 'இது தேறாது' என்று ஒதுக்கிவைக்கும் ஒருவருடைய சம்பளம். பெயரில்லாத ஃபிரேமை வாங்கும்போது அந்த வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்கள். அதற்குப் பொறுமையும் சில கருவிகளும் இருப்பவருக்கு இது நல்ல கொள்முதலாக அமையலாம். பெட்டியைப் பிரித்த அன்று மாலையே ஓட்டிப் பார்க்கத் துடிப்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: ஒரு விற்பனையாளர் 'டி1000 கார்பன்' என்கிறார், இன்னொருவர் 'டி700' என்கிறார். முதலாவது எவ்வளவு மேல்? '3கே' என்பது என்ன?

பதில்: டி700, டி800, டி1000 ஆகியவை ஜப்பானின் டோரே நிறுவனம் தன் இழைகளுக்கு வைத்த பெயர்கள். டி700 இழையின் இழுவலிமை ஏறத்தாழ 4,900 மெகாபாஸ்கல், விறைப்பு 230 கிகாபாஸ்கல். டி1000 இழைக்கு இவை முறையே 6,370, 294. எண்கள் உயர்வது உண்மைதான். ஆனால் இவை தனி இழையின் எண்கள், ஃபிரேமின் எண்கள் அல்ல. நல்ல ஃபிரேம் எதுவும் ஒரே வகை இழையால் ஆனதில்லை. விறைப்பு வேண்டிய இடத்தில் ஒன்று, அடி தாங்க வேண்டிய இடத்தில் வேறொன்று என்று கலந்தே அடுக்குவார்கள். ஓரிடத்தில் ஒரு துண்டு டி1000 வைத்துவிட்டு முழு ஃபிரேமையும் அந்தப் பெயரால் விற்பவரை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. சீராக அடுக்கிய டி700 ஃபிரேம், அவசரமாக அடுக்கிய டி1000 ஃபிரேமைவிட எல்லா விதத்திலும் மேலானது.

'3கே' என்றால் ஒரு கற்றையில் 3,000 இழைகள் இருக்கின்றன என்று பொருள். பாய் பின்னியது போன்ற அந்த வெளித்தோற்றம் பெரும்பாலும் அழகுக்காக மேலே போர்த்திய ஓர் அடுக்குதான்.

கேள்வி: சோதனை அறிக்கை கேட்டேன், அனுப்பினார்கள். அதில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில், அது உங்கள் ஃபிரேமின் அறிக்கைதானா என்று பாருங்கள். மாதிரி எண், படம், அளவு, தேதி ஆகிய நான்கும் நீங்கள் வாங்கவிருப்பதோடு பொருந்த வேண்டும். வேறொரு மாதிரியின் அறிக்கையை அனுப்பி வைப்பது இந்த வியாபாரத்தில் சாதாரணம். ஆலையின் சொந்தக் கூடத்தில் செய்த சோதனையா, வெளி ஆய்வகத்தில் செய்ததா என்பதையும் கேளுங்கள்.

சைக்கிள்களுக்கான பாதுகாப்புத் தரநிலை ஐஎஸ்ஓ 4210. அதன் ஆறாம் பகுதி ஃபிரேமுக்கும், முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையான ஃபோர்க்குக்கும் உரியது. பந்தய வகை சைக்கிளின் ஃபிரேமில், பெடல் மிதிக்கும் விசையை ஒத்த 1,100 நியூட்டன் விசையை இடமும் வலமும் மாறி மாறி 1,00,000 முறை செலுத்துகிறார்கள், முன்பக்கத்தில் 22.5 கிலோ எடையை விழச் செய்து மோதலைத் தாங்குகிறதா என்று பார்க்கிறார்கள். விற்பனையாளர் 'சோதித்தது' என்று சொல்லும்போது, இவற்றில் எவையெவை செய்யப்பட்டன, ஃபோர்க்கும் சேர்த்தே செய்யப்பட்டனவா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். அறிக்கை நல்லதாகவே இருந்தாலும் அது சோதனைக்குப் போன அந்த ஒரு துண்டைப் பற்றித்தான் பேசுகிறது. உங்கள் பெட்டியில் வருவதை நீங்கள்தான் பார்த்தாக வேண்டும்.

கேள்வி: என் உயரத்துக்கு '54' சரி என்று விற்பனையாளர் சொன்னார். அதை நம்பி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 54 என்ற எண் ஒவ்வோர் ஆலையிலும் ஒவ்வொன்றைக் குறிக்கிறது. பாட்டம் பிராக்கெட்டின் (பெடல்களை இணைக்கும் தண்டு சுழலும் துளை) மையத்திலிருந்து தலைக்குழாயின் (ஃபோர்க்கின் தண்டு நுழையும் முன்குழாய்) மேல்விளிம்பு வரை செங்குத்தாக எவ்வளவு, கிடையாக எவ்வளவு என்ற இரண்டு அளவுகளே ஒப்பிடத் தகுந்தவை; முதலாவதை ஸ்டாக் என்றும் இரண்டாவதை ரீச் என்றும் குறிப்பிடுவார்கள். இப்போது உங்களுக்கு வசதியாக இருக்கும் சைக்கிளில் இவ்விரண்டையும் அளந்து, ஆலையின் அளவுப் படத்தோடு ஒப்பிடுங்கள்.

அதோடு தலைக்குழாயின் கோணத்தையும் ஃபோர்க்கின் முன்தள்ளலையும் (திருப்பும் அச்சுக்கோட்டிலிருந்து சக்கர மையம் முன்னே தள்ளியிருக்கும் தூரம்) பார்க்கத் தவறாதீர்கள். பெரும்பாலான பெயரில்லாத ஃபிரேம்களுக்கு எல்லா அளவுக்கும் ஒரே ஃபோர்க்கைத்தான் அனுப்புகிறார்கள். சிறிய அளவுகளில் தலைக்குழாய் அதிகம் சாய்வதால் சைக்கிளின் குணமே மாறிவிடுகிறது. 336 மி.மீ. ஆரமுள்ள சக்கரம், 45 மி.மீ. முன்தள்ளல், 73 பாகைக் கோணம் என்றால், திருப்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையே ஏறக்குறைய 56 மி.மீ. இருக்கும். அதே ஃபோர்க்கோடு கோணம் 70.5 பாகையாகக் குறைந்தால் அது 71 மி.மீ. ஆகிவிடும். முதலாவது சுறுசுறுப்பாகத் திரும்பும். இரண்டாவது நேர்ப்பாதையில் நிதானமாகவும் மெதுவான வேகத்தில் சற்றுச் சோம்பலாகவும் இருக்கும். சிறிய அளவு வாங்கும் வாசகியர் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: ஃபிரேம் வந்து சேர்ந்துவிட்டது. பாகங்களைப் பூட்டுவதற்கு முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பதில்: இந்தக் கேள்வியை அதிகம் பேர் கேட்டிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம், கேட்டவர் ஒருவரே. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பெட்டியைப் பிரிப்பதைத் தொடக்கம் முதல் இறுதிவரை காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் நேர்ந்த சேதத்துக்கு இழப்பீடு கேட்கும்போது இதைவிடப் பயனுள்ள சான்று இல்லை. பிறகு ஃபிரேமையும் ஃபோர்க்கையும் தனித்தனியே எடை போடுங்கள். சொன்ன எடையைவிட ஐம்பது, அறுபது கிராம் கூடினால் அது வண்ணப்பூச்சின் கணக்கு. நான் கவலைப்பட மாட்டேன். சொன்னதைவிடக் கணிசமாகக் குறைந்தால்தான், எங்கே ஓர் அடுக்கு விடுபட்டது என்ற கேள்வி எழும்.

அடுத்து ஒரு சிறு டார்ச். பாட்டம் பிராக்கெட் துளை வழியாகவும் தலைக்குழாய் வழியாகவும் உள்ளே பாருங்கள். கைபேசியோடு இணையும் மெல்லிய கேமரா கிடைத்தால் இன்னும் நல்லது. உள்சுவர் வழவழப்பாக இருந்தால் அழுத்தம் சரியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஊதிய பையின் கிழிந்த துண்டுகள் ஒட்டியிருப்பதும், குழாயின் நடுவே சிறு சுருக்கங்கள் இருப்பதும் அசிங்கமே தவிர ஆபத்தல்ல. ஆனால் கீழ்க்குழாய் தலைக்குழாயோடு சேரும் இடத்திலும், பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றியும், பின்முள் (பின்சக்கரத்தின் இருபுறமும் ஓடும் குழாய்) சக்கரத்தைப் பிடிக்கும் நுனியிலும் ஆழமான மடிப்போ, பிசின் மட்டும் கட்டியாகத் தேங்கிய இடமோ தெரிந்தால் படம் எடுத்து அனுப்பி, பூட்டும் வேலையை நிறுத்திவிடுங்கள். இழை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பிசின் இருந்தால் அது சுமையைத் தாங்காது.

நாணயத்தால் தட்டிப் பார்ப்பது பழைய முறை. அதன் எல்லையை அறிந்து செய்தால் பயன் உண்டு. சுவரின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதால் ஓசையும் மாறத்தான் செய்யும். எனவே ஒரே குழாயில் இங்கும் அங்கும் தட்டி ஒப்பிடாமல், இடப்பக்கத்தில் தட்டிய அதே இடத்தை வலப்பக்கத்தில் தட்டி ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் கணீரென்றும் மறுபக்கம் பொத்தென்றும் ஒலித்தால் அடுக்குகள் பிரிந்திருக்க வாய்ப்புண்டு.

இனி அளவுகள். வெர்னியர் காலிப்பர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். பாட்டம் பிராக்கெட் துளையின் விட்டத்தைக் குறைந்தது மூன்று திசைகளில் அளந்து, அது வட்டமா முட்டை வடிவமா என்று பாருங்கள். தலைக்குழாயின் மேலும் கீழும் பேரிங் உட்காரும் இடத்தில் பேரிங்கை வெறும் கையால் வைத்துப் பாருங்கள். ஆடாமல், சுத்தியலும் தேவைப்படாமல் அமர வேண்டும். மேலே 41.8 மி.மீ., கீழே 52 மி.மீ. விட்டமுள்ள பேரிங்குகள் பரவலானவை. ஆனால் விட்டம் ஒன்றாக இருந்தும் சாய்வுக் கோணம் 36 பாகை, 45 பாகை என்று வேறுபடும். கோணம் மாறிய பேரிங் உட்கார்ந்ததுபோலவே தோன்றி, பிறகு ஓயாமல் தளரும்.

ஃபிரேம் நேராக இருக்கிறதா என்பதற்கு ஒரு நூல் போதும். பின்பக்கம் சக்கர அச்சு நுழையும் இடங்களில் ஒன்றில் நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்க நுனியில் இழுத்துக் கட்டுங்கள். இருக்கைக் குழாயிலிருந்து நூல் வரையுள்ள தூரத்தை இருபுறமும் அளந்தால், வித்தியாசம் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதன்பின் சரியாக மையப்படுத்திய சக்கரத்தைப் பூட்டி, ரிம் இரு முட்களுக்கும் நடுவே நிற்கிறதா என்று பாருங்கள். சக்கரமே கோணலாக இருந்தால் ஃபிரேமின்மேல் பழி விழும். முதலில் சக்கரத்தைச் சரிபாருங்கள்.

மிச்சமிருப்பவை சிறியவை, ஆனால் தலைவலி தருபவை. பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் விழுந்தால் வளையும்படி மென்மையான அலுமினியத்தில் செய்யப்படுகிறது, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வடிவம் வேறு. ஃபிரேமோடு சேர்த்தே இரண்டு உதிரிகள் வாங்காதவர் பின்னால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும். சக்கர அச்சின் விட்டம் 12 மி.மீ. என்றாலும் மரையின் இடைவெளி 1.0, 1.5, 1.75 மி.மீ. என்று வகைகள் உண்டு. வந்த அச்சைக் கையால் முழுவதும் திருகிப் பார்த்துவிட்டு, அதன் அளவை எங்காவது எழுதி வையுங்கள். டிஸ்க் பிரேக் அமரும் தளம் சமமாக இல்லாவிட்டால் பிரேக் எப்போதும் உரசும். வண்ணப்பூச்சு அங்கே கட்டியாக இருப்பதே பெரும்பாலும் காரணம்.

கேள்வி: பாட்டம் பிராக்கெட்டில் மரை உள்ளதா, அழுத்திப் பொருத்துவதா? எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: தேர்வு உங்களிடம் இருந்தால், மரை உள்ளது. அழுத்திப் பொருத்தும் முறையில் குறை எதுவும் இல்லை. ஆனால் துளை மிகத் துல்லியமாக இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். பெயரில்லாத ஃபிரேமில் நமக்கு உறுதியாகக் கிடைக்காதது அந்தத் துல்லியம்தான்.

சொந்த அனுபவம் ஒன்று. நான் வாங்கிய முதல் பெயரில்லாத ஃபிரேம் அழுத்திப் பொருத்தும் வகை. ஏற்றத்தில் மிதிக்கும்போதெல்லாம் கிறீச்சென்று ஒலி. பெடலை மாற்றினேன், செயின் வளையத்தைக் கழற்றிப் பூட்டினேன், இருக்கைக் கம்பியில் பசை தடவினேன். மூன்று மாதம் ஓடியது. கடைசியில் காலிப்பரை எடுத்து அளந்தால், 41 மி.மீ. இருக்க வேண்டிய துளை ஒரு திசையில் சரியாகவும் மறுதிசையில் கால் மில்லிமீட்டர் அகன்றும் இருந்தது. விற்பனையாளர் மாற்றித் தர ஒப்புக்கொண்டார். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் என்னுடையது என்றார். அந்தச் செலவைக் கணக்கிட்ட பிறகு, ஒட்டுப்பசையும் திருகி இணையும் வகைப் பேரிங்கும் வாங்கிச் சமாளித்தேன். வந்த அன்றே ஐந்து நிமிடம் அளந்திருந்தால் பிழையைப் பூட்டுவதற்கு முன்பே கண்டிருப்பேன்.

மரை உள்ள வகையில் 68 மி.மீ. அகலமுள்ள பழைய பிரிட்டிஷ் வகையும், 47 மி.மீ. விட்டமுள்ள டி47 வகையும் கிடைக்கின்றன. பழைய வகையில் செயின் உள்ள பக்கம் இடது மரை என்பதை மறந்து பலம் காட்டியவர்கள் மரையைச் சிதைத்திருக்கிறார்கள்.

கேள்வி: ஃபோர்க்கின் ஸ்டியரர் குழாயும் கார்பன்தான். அதை வீட்டிலேயே அறுத்துப் பூட்டலாமா?

பதில்: அறுக்கலாம். ஆனால் முழு சைக்கிளிலும் நான் மிகவும் அஞ்சும் இடம், ஃபோர்க்கிலிருந்து தலைக்குழாய் வழியே மேலேறி ஹேண்டில்பாரைத் தாங்கும் இந்தக் குழாய்தான். ஃபிரேமில் விரிசல் விட்டால் பெரும்பாலும் ஓசை வரும், தளர்வு தெரியும், நிறுத்த நேரம் கிடைக்கும். ஸ்டியரர் முறிந்தால் ஹேண்டில்பார் கையோடு வந்துவிடும். ஃபிரேமைப் பெயரில்லாததாக வாங்கி, ஃபோர்க்கை மட்டும் பெயரும் முகவரியும் உள்ள நிறுவனத்திடம் வாங்குபவர்களை நான் கஞ்சர்கள் என்றோ பயந்தவர்கள் என்றோ சொல்ல மாட்டேன்; அளவுகளும் முன்தள்ளலும் பொருந்துமானால் அது நல்ல யோசனை. கேபிள்கள் உள்ளே ஓடும் புதிய வகை ஃபிரேம்களில் ஸ்டியரர் குழாயின் வடிவமே தனித்தன்மையுடையது என்பதால் அங்கே இந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே, பெயரில்லாத ஃபிரேம் வாங்குபவர் வட்டமான ஸ்டியரர் உள்ள எளிய வகையைத் தேர்வது நல்லது என்பது என் கருத்து.

அறுக்கும்போது நுண்பல் கொண்ட, கார்பனுக்கு உரிய வாளைப் பயன்படுத்துங்கள். அறுக்கும் இடத்தில் நாடா சுற்றி, நீர் தெளித்து, முகக்கவசம் அணிந்து வேலை செய்யுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கும் தோலுக்கும் நல்லதல்ல. ஒரே பக்கத்திலிருந்து இறுதிவரை அறுக்காமல், பாதி அறுத்ததும் திருப்பி மறுபக்கத்திலிருந்து அறுத்தால் கடைசி இழைகள் பிய்ந்து வராது. இரும்புக் குழாய்க்குள் அடிக்கும் நட்சத்திர நட்டைக் கார்பனுக்குள் ஒருபோதும் அடிக்காதீர்கள். அதற்குப் பதிலாக விரிந்து பிடிக்கும் பிளக் இருக்கிறது. அது ஹெட்செட்டை (தலைக்குழாயின் பேரிங் தொகுதி) இறுக்குவதோடு, ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஸ்டியரரோடு இணைக்கும் துண்டு) கவ்வும் இடத்தில் குழாய்ச் சுவரை உள்ளிருந்து தாங்கவும் செய்கிறது. ஆகவே அது ஸ்டெம்முக்கு நேர் உள்ளே அமர வேண்டும். ஃபிரேமோடு இலவசமாக வரும் பிளக் மிகக் குட்டையாக இருந்தால், நீளமானதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்டெம் போல்ட்டுகளை அதில் அச்சிட்டுள்ள அளவுக்கே, பொதுவாக 4 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை, டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தின் அளவைக் காட்டும் ஸ்பேனர்) ஒன்றுவிட்டு ஒன்று மாறி மாறி இறுக்க வேண்டும். 'கை அறியும்' என்ற நம்பிக்கை இரும்புச் சைக்கிளில் நூறாண்டு ஓடியது. இரும்பு தவறை மன்னித்து வளையும். கார்பன் வளைந்து எச்சரிக்காது, நொறுங்கும். இருக்கைக் கம்பி வழுக்கினால் மேலும் இறுக்காமல், மணற்பொடி கலந்த கார்பன் பசையைத் தடவுங்கள். முதல் நூறு கிலோமீட்டருக்குப் பின் எல்லாப் போல்ட்டுகளையும் ஒருமுறை மீண்டும் சரிபாருங்கள். அதுவரை பெரிய இறக்கங்கள் வேண்டாம்.

கேள்வி: மிகப் புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரும் வண்ணமும் அப்படியே உள்ள ஃபிரேம், கால் பங்கு விலைக்குக் கிடைக்கிறது. இது அதே வகைதானே?

பதில்: இல்லை. பெயரில்லாத ஃபிரேம் தன்னை வேறொன்றாகக் காட்டிக்கொள்வதில்லை. நீங்கள் சொல்வது போலி. ஒரு பெயரைத் திருடத் தயங்காதவர், கண்ணுக்குத் தெரியாத அடுக்கில் நேர்மையாக நடப்பார் என்று நம்ப இடமில்லை. சுங்கத்தில் பறிமுதல் செய்யப்படலாம், பின்னர் விற்கவும் முடியாது.

கேள்வி: பெயரில்லாத ஃபிரேமில் போட்டிகளில் கலந்துகொள்ள முடியுமா?

பதில்: போட்டியைப் பொறுத்தது. சர்வதேச சைக்கிள் ஓட்டுநர் சங்கமான யுசிஐ, 2011 தொடக்கத்தில் ஃபிரேமுக்கும் ஃபோர்க்குக்கும் ஒப்புதல் முறையைக் கொண்டுவந்தது. ஒப்புதல் பெற்ற மாதிரிகளில் அதற்குரிய முத்திரை இருக்கும். அச்சங்கத்தின் விதிகள் பொருந்தும் பந்தயங்களில் இது கேட்கப்படும். சில ஆலைகள் தம் மாதிரிகளுக்கு இந்த ஒப்புதலைப் பெற்றிருக்கின்றன, ஆகவே கேட்டுப் பாருங்கள். ஆனால் அந்த ஒப்புதல் வடிவமும் அளவுகளும் விதிக்குள் இருக்கின்றன என்பதற்கே. பலத்துக்கான சான்றாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளூர்க் குழுக்கள் நடத்தும் ஓட்டங்களில் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

கேள்வி: இறக்கத்தில் வேகம் கூடும்போது முன்பக்கம் படபடவென்று ஆடுகிறது. ஃபிரேம் மோசமா?

பதில்: இருக்கலாம், ஆனால் அதைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். ஹெட்செட் தளர்வு, சமநிலை இல்லாத முன்சக்கரம், தவறான டயர் காற்று, ஹேண்டில்பாரை இறுகப் பிடிக்கும் பழக்கம் ஆகியவற்றைப் பெயர் பெற்ற ஃபிரேம்களிலும் பார்த்திருக்கிறேன். ஆட்டம் தொடங்கிவிட்டால் முழங்கால்களால் மேல்குழாயை அணைத்துப் பிடியுங்கள், இருக்கையிலிருந்து எடையைச் சற்று உயர்த்துங்கள், பிடியைத் தளர்த்தி, மெல்ல பிரேக் பிடியுங்கள். வீட்டுக்கு வந்ததும் முன்பிரேக்கை அழுத்தியபடி சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்து, ஹெட்செட்டில் 'டக்' என்று உணர்கிறதா என்று பாருங்கள். அனைத்தும் சரியாக இருந்தும் ஆட்டம் தொடர்ந்தால், நூல் சோதனையை மீண்டும் செய்யுங்கள்.

கேள்வி: விழுந்துவிட்டேன். வெளியே கீறல் மட்டும்தான். தொடர்ந்து ஓட்டலாமா?

பதில்: கீறல் மேற்பூச்சில் மட்டுமா, இழைக்குள் இறங்கியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்த இடத்தைச் சுத்தம் செய்து, விரல் நகத்தால் குறுக்கே வருடுங்கள். நகம் மாட்டினாலோ, கட்டைவிரலால் அழுத்தும்போது சுற்றுப்புறத்தைவிட மென்மையாக அமுங்கினாலோ நிறுத்திவிடுங்கள். ஃபிரேமின் குழாய்களைத் தேர்ந்தவர்கள் பழுதுபார்த்துப் பலமாகவே திருப்பித் தருகிறார்கள். ஃபோர்க்கில் சந்தேகம் வந்தால் பழுதுபார்ப்பைப் பற்றி யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: என் மகன் தன் சேமிப்பில் இப்படியொரு ஃபிரேம் வாங்க அனுமதி கேட்கிறான். கார்பன் உடைந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. என்ன சொல்வது, ஐயா? – ஒரு தாய்

பதில்: அம்மா, கார்பன் புதிய சோதனைப் பொருள் அல்ல. 1986-இல் கிரெக் லெமாண்ட் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றதே கார்பன் ஃபிரேமில்தான். நன்றாகச் செய்த கார்பன், ஓயாத அதிர்வை அலுமினியத்தைவிடவும் நீண்டகாலம் தாங்கும். அஞ்ச வேண்டியது 'நன்றாகச் செய்தது' என்பதை யார் உறுதிசெய்கிறார்கள் என்பதைப் பற்றித்தான்.

மகனிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். டார்க் ரெஞ்சும் காலிப்பரும் இருக்கின்றனவா, அல்லது அவற்றின் விலையும் சேமிப்புக் கணக்கில் சேர்ந்திருக்கிறதா? சுங்க வரியும், குறையிருந்தால் திருப்பி அனுப்பும் செலவும் கணக்கில் உண்டா? விற்பனையாளர் வரியைக் குறைக்க மதிப்பைக் குறைத்து எழுதித் தருகிறேன் என்றால், பொருள் தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த மதிப்புக்கே வரும் என்பது தெரியுமா? மூன்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னால் அனுமதியுங்கள். தடுமாறினால், இதே பணத்துக்கு நல்ல அலுமினிய ஃபிரேம் கிடைக்கும். அதில் பாதி வேலையில்லை, மகிழ்ச்சியில் குறைவுமில்லை.

கேள்வி: ஃபிரேம் வெறும் கறுப்பாக இருக்கிறது. பிடித்த வண்ணம் அடிக்கலாமா?

பதில்: அடிக்கலாம். இரும்புச் சாமான்களுக்குச் செய்யும் பவுடர் கோட்டிங் மட்டும் வேண்டாம். அது சூளையில் ஏறத்தாழ 180 முதல் 200 பாகை செல்சியஸ் வரை வெப்பத்தில் இறுக்கப்படுவது, அந்த வெப்பத்தில் ஃபிரேமின் பிசின் இளகிவிடும். சாதாரணச் சூழலில் உலரும் வண்ணம் போதும். பழைய பூச்சை இரசாயனம் கொண்டு உரிக்கக் கூடாது, அது பிசினையும் தின்னும். நீர் தொட்ட மெல்லிய உப்புத்தாளால் மேற்பூச்சின் பளபளப்பை மட்டும் மழுக்கி, கறுப்பு இழை தூளாக வரும் முன்பே நிறுத்துங்கள். பேரிங் அமரும் இடங்களையும், பிரேக் தளத்தையும், ஸ்டியரர் குழாயையும் நாடாவால் மூடிவிடுங்கள். என் ஃபிரேமுக்கு நான் நிறமற்ற பூச்சு மட்டுமே அடித்திருக்கிறேன். தலைக்குழாயின் கீழ்ப்புறத்தை மாதம் ஒருமுறை துடைத்து, விளக்கொளியில் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. வண்ணம் அடித்தால் அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது.